அடுத்த வசனத்தை நான் வாசிக்கவில்லை

2013 டிசம்பர் 15, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் தொகுதி) அன்றைக்கு அருளுரை என் முறை. நான் குருவானவர் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். சேகர கமிட்டியில் அப்போது பத்து வருடமாக இருந்தேன். ஐயர் (குருவானவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கிளைச் சபைக்குத் திருவிருந்து கொடுக்கப் போகும் ஞாயிறுகளில் எங்களைப் போல நாலு பேர் மாறி மாறிப் பேசுவோம்.

அதற்கு நாலு நாள் முன்னால்தான் உச்ச நீதிமன்றம், ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப் பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்திருந்தது. வயதுவந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் நடந்துகொள்வது குற்றமாகாது என்று 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை அது ரத்து செய்தது. கர்த்தர் தேசத்தைத் தொட்டுவிட்டார் என்று எனக்கு ஒரே பூரிப்பு. அன்றைக்குக் குறித்திருந்த வேதபகுதியை ஓரம் கட்டிவிட்டு ரோமர் முதலாம் அதிகாரத்தை எடுத்தேன். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் சேர்வதைக் கண்டிக்கிற 26, 27ஆம் வசனங்களை இரண்டு தரம் வாசித்தேன். நாற்பது நிமிடம் பேசினேன். 32ஆம் வசனத்தோடு அதிகாரம் முடிந்தது, வேதாகமத்தை மூடினேன். கோவிலுக்கு வெளியே வந்ததும் நாலைந்து பேர் கையைப் பிடித்து, "சார், இன்னைக்கு ஆவியானவர் பேசினார்" என்றார்கள்.

பீடத்துக்கு இடப்பக்கம் கீபோர்டில் உட்கார்ந்திருந்தது என் மகன். அவனுக்கு இருபது வயது. பிரசங்கம் முடிந்ததும் காணிக்கைப் பாட்டுக்கு அவன் சுருதி கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. பாடகர் குழுத் தலைவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்த பிறகுதான் கை எழுந்தது. நான் கரண்டு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் படிப்பு அதிகம் என்று சொல்லி கீபோர்டிலிருந்து விலகினான். அதையும் நம்பினேன்.

இதை அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன். எழுதியதை வாசித்து இரண்டு இடங்களை அடித்துவிட்டான். அடித்த இடங்கள் அடித்தவையாகவே இருக்கட்டும். எங்கள் ஊர், பெயர் எதுவும் வேண்டாம். நெல்லைச் சீமையில் ஒரு சேகரம், அவ்வளவு போதும்.

2019இல் அவனுக்கு வரன் பார்த்தோம். பெங்களூரில் வேலை, இருபத்தாறு வயது. சாத்தான்குளம் பக்கத்து ஆசிரியை ஒருத்தியின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அன்று ராத்திரி மொட்டை மாடியில் என் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, எனக்குப் பொண்ணுங்க மேல அப்படி ஒரு நினைப்பு வந்ததே இல்ல. பையங்க மேலதான் வருது. பதிமூணு வயசுலேருந்து."

நான் கேட்ட முதல் கேள்வி, "எவன் உன்னைக் கெடுத்தான்?" இரண்டாவது, "வேதத்துல உன்ன மாதிரி ஆளுக்கு என்ன பேரு போட்டிருக்குன்னு தெரியுமால?"

"தெரியும்பா. ஆண்புணர்ச்சிக்காரர். ஒண்ணு கொரிந்தியர் ஆறு ஒம்பது. அது ஒரு செயலோட பேரு. நான் இதுவரைக்கும் யாரு கையையும் பிடிச்சது கிடையாது."

என் மனைவி பேசவில்லை. ஒரே துண்டைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சொல் விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் தலைமுறைக்குத் தெரிந்ததெல்லாம் வசனத்தில் இருக்கும் அந்தச் சொல், இல்லையென்றால் தெருவில் சொல்லும் கெட்ட வார்த்தை. பத்திரிகைகள் 'ஓரினச்சேர்க்கை' என்று எழுதின. அதுவும் படுக்கையைத்தான் சொல்கிறது. 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லை நான் கேட்டதே அறுபது வயதுக்கு மேல். ஈர்ப்பு வேறு, செயல் வேறு என்று பிரித்துச் சொல்ல நாக்கில் ஒரு சொல் இல்லாததால், மகன் ஒன்றைச் சொல்ல நான் வேறொன்றைக் கேட்டேன். 2022இல் தமிழ்நாடு அரசு இதற்கெல்லாம் ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. முன்பே வந்திருந்தால் நான் ஒழுங்காகக் கேட்டிருப்பேனா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

அடுத்த மூன்று மாதத்தில் நான் செய்த தப்புகளை வரிசையாகச் சொல்கிறேன். என் நிலையில் இருக்கும் தகப்பன் யாராவது வாசித்தால் பிரயோஜனமாக இருக்கும்.

முதலாவது, ஜெபக்குறிப்பு. மனபாரம் தாங்காமல் இரண்டு பேரிடம் மட்டும், "மகனுக்காக ஜெபிச்சுக்கோங்க, இன்ன விஷயம்" என்றேன். ஜெபக்குறிப்பு என்று ஒன்று கொடுத்தால் அது எங்கள் ஊரில் எப்படிப் போகும் என்று சபைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறு ஞாயிறு பெண்கள் ஐக்கிய சங்கத்தில் 'வாத்தியார் மகனுக்கு வந்திருக்கிற சோதனைக்காக' கண்ணீரோடு ஜெபித்தார்களாம். புறங்கூறுகிறவர்களும் ரோமர் முதலாம் அதிகாரப் பட்டியலில்தான் இருக்கிறார்கள், 30ஆம் வசனம் பக்கத்தில். என் பிரசங்கத்தில் அங்கே நான் நிற்கவில்லை. பிள்ளை உங்களிடம் சொன்னது உங்களிடம் மட்டும் சொன்னது. அண்ணன் தம்பியிடமோ ஐயரிடமோ போகும் முன்னால் அவனிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு ஜெப வீடு. மூன்று நாள் உபவாசம். நாங்கள் சொன்னதற்காக அவன் வந்தான், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எண்ணெய் பூசி, தலையைப் பிடித்து உலுக்கி, முதுகில் அறைந்து, "இச்சையின் ஆவியே வெளியே போ" என்று ஐந்து பேர் கத்தினார்கள். அவன் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து ஒரு கால் உடைந்தது. நான் கை கூப்பி நின்றேன். மூன்றாம் நாள் 'விடுதலை' என்று அறிவித்தார்கள், உறையில் ஐயாயிரம் வைத்துக் கொடுத்தேன். திரும்பும் வழியில் பஸ் ஒரு டீக்கடையில் நின்றது. டீ வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடிக் காலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், டீயில் ஆடை படிந்தது. கண்டக்டர் விசில் ஊதியதும் பெஞ்சில் வைத்துவிட்டு ஏறினான்.

மூன்றாவது, ஒரு மனநல மருத்துவர். இருபது நிமிடம் பேசினார், தூக்க மாத்திரை எழுதினார், "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாகிடும்" என்றார். 1990லேயே உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது நோயல்ல என்று சொல்லியிருந்தது. அந்த மருத்துவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. என் முகத்தைப் பார்த்து நான் கேட்க விரும்பியதைச் சொல்லியிருப்பார்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரே சொல்லிவிட்டாரே. நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கக் கிளம்பினேன். அன்றைக்குத்தான் என் மனைவி, மூன்று மாதமாக வாய் திறக்காதவள், வாசலில் வந்து நின்றாள்.

"நம்ம மகளுக்கு இப்படி ஒருத்தன, தெரிஞ்சே மறைச்சு கட்டி வச்சிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா? கோயில்ல மூணு ஞாயித்துக்கிழம கல்யாண ஓலை வாசிப்பாங்க. தடை இருந்தா சொல்லுங்கன்னு ஐயர் கேப்பாரு. நான் எந்திச்சுச் சொல்லிருவேன்."

சொல்லியிருப்பாள். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகளை நினைத்துப் பார்த்தேன். செருப்பைக் கழற்றினேன்.

ஆனால் சம்பந்தத்தை நிறுத்துவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றுபோனால் வாய் முழுக்கப் பெண் மீதுதான் விழும். தரகரிடம் சொல்லி அனுப்பாமல் நானே சாத்தான்குளம் போனேன். "குறை எங்க பக்கம். பையனுக்குக் கல்யாணத்துல விருப்பமில்ல, அதக் கேக்காம உங்க வீட்டுப் படியேறினது என் தப்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன். காரணம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருடமே கல்யாணம் ஆனது. ஓலை வாசித்ததை ஒரு உறவினர் சொல்லிக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

அந்த மூன்று மாதத்தில் ஒரு ராத்திரி நடந்ததைத்தான் அவன் அடித்துவிட்டான். இவ்வளவு மட்டும் சொல்லலாம் என்றான்: அன்று முதல் பத்து நாள் அவன் அம்மா அவன் அறை வாசலில் பாய் போட்டுப் படுத்தாள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பயம் இருந்தால், உபவாசம் எல்லாம் அப்புறம். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் கடைசியில் அவன் வீட்டுக்கு வந்தவன் ஏழு மாதம் இருந்தான். கோவில் பூட்டிக் கிடந்தது. ஞாயிறு ஆராதனை யூடியூபில், ராத்திரி குடும்ப ஜெபம் நாங்கள் மூன்று பேர் மட்டும். மாறி மாறி வாசிப்போம், ஆளுக்கு ஒரு அதிகாரம். ஜூலையில் ரோமருக்கு நிருபம் வந்தது. முதல் அதிகாரம் என் முறையாக வந்து விழுந்தது. வாசித்தேன், எப்படி வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. முடித்ததும் இரண்டாம் அதிகாரத்தை அவன் எடுத்தான்.

"ஆகையால், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை."

அங்கேயே நிறுத்தினான். "அன்னைக்கு இந்த ஒரு வசனத்தையும் சேர்த்து வாசிச்சிருக்கலாம்பா" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

பவுல் எழுதியபோது அதிகாரப் பிரிவு கிடையாது. அதெல்லாம் நூற்றாண்டுகள் கழித்துப் போட்ட கோடு. கேட்கிறவன் "ஆமா, அவனுக அப்படித்தான்" என்று தலையாட்டிக்கொண்டே வருவான் என்று தெரிந்தே பவுல் அந்தப் பட்டியலை எழுதி, ஆட்டிய தலையை 'ஆகையால்' என்ற சொல்லில் பிடிக்கிறார். முப்பது வருடம் வேதம் போதித்தவன் நான். கோடு போட்ட இடத்தில் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

அதற்காக 26, 27ஆம் வசனங்கள் அங்கே இல்லை என்று ஆகிவிடாது. அதுதான் என் சிக்கல். அவனிடம் கேட்டுவிட்டு, புதிதாக வந்திருந்த ஐயரிடம் போனேன். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவர், என் மகனைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். நான் வசனங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன்: ஆதியாகமம் 19, லேவியராகமம் 18, 20, ரோமர், கொரிந்தியர், தீமோத்தேயு. தாளை வாங்கி மேசையில் குப்புற வைத்தார். "தம்பி ஒழுங்கா சாப்பிடுறானா சார்?" என்று கேட்டார். அதுவரைக்கும் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் பல சாயங்காலங்கள் பேசினோம். உலகத்துச் சபைகளில் இருக்கிற நிலைகளை எந்தப் பக்கமும் சாயாமல் சொன்னார். ஒரு சாரார் சொல்வது: ஆதியாகமம் தொடங்கி எபேசியர் வரை திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான். ஈர்ப்பு பாவமல்ல, அதன்படி நடப்பதுதான் பாவம். ஆகவே அப்படிப்பட்டவர்கள் தனித்து வாழ வேண்டும். இன்னொரு சாரார் சொல்வது: பவுல் கண்டது அடிமைகளையும் சிறுவர்களையும் ஆண்டைகள் பயன்படுத்திய உலகம். இருவர் ஒருவருக்கொருவர் உண்மையாய் ஆயுசுக்கும் வாழ்வதை அவர் மனதில் வைத்து எழுதவில்லை. விருத்தசேதனமில்லாத புறஜாதியாரைச் சேர்த்துக்கொள்ள அப்போஸ்தலர் 15இல் சபை தன் மனதை மாற்றிக்கொண்டது போல இதிலும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பக்கத்திலும் வேதத்தை நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். முதலில் எனக்கு அது நழுவலாகப் பட்டது.

நானே வாசிக்க ஆரம்பித்தேன். கொரிந்தியர் வசனத்தில் ஆண்புணர்ச்சிக்காரருக்கு முந்தின சொல் 'சுயபுணர்ச்சிக்காரர்'. வாலிபர் கூட்டத்தில் அந்த வசனம் வந்தால் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நேர் அர்த்தம் 'மெல்லியவர்', 'மிருதுவானவர்'. அதைப் பழைய விளக்கக்காரர்கள் சுயபுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள், நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் அது இன்னும் நிற்கிறது. அடுத்த கிரேக்கச் சொல் பவுலுக்கு முன்னால் எங்கும் கிடைக்காத சொல். லேவியராகமத்துக் கிரேக்கப் பெயர்ப்பில் இருக்கும் 'ஆண்', 'படுக்கை' என்ற சொற்களைச் சேர்த்துச் செய்தது போல இருக்கிறது. லூத்தர் அதை ஜெர்மனியில் 'சிறுவர்களைக் கெடுக்கிறவர்கள்' என்று பெயர்த்தார். இதில் எது சரி என்று தீர்ப்பு சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் மகன் முகத்துக்கு நேரே எறிந்த சொல்லின் எடை இவ்வளவு விவகாரமானது என்று தெரியாமலேயே எறிந்திருந்தேன். அதே பட்டியலில் அடுத்த வசனத்தில் பொருளாசைக்காரர் வருகிறார்கள். எங்கள் சபைத் தேர்தல்களையும் வழக்குகளையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பொருளாசைக்காக ஒருவரையும் நாங்கள் கீபோர்டை விட்டு எழுப்பியதில்லை.

ஆதியாகமம் 19இல் அழிக்கப்படும் சோதோம் பட்டணத்தின் விஷயமும் அப்படித்தான். எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமம் இன்னதென்று பெயர் சொல்கிறது: "கெர்வமும், ஆகாரத்திரட்சியும், நிர்விசாரமான சாங்கோபாங்கமும்", எளியவனின் கையைப் பலப்படுத்தாததும். எனக்கு வியர்த்துவிட்டது. மகனிடம் காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே, "ஐம்பதாம் வசனத்தையும் வாசிங்கப்பா, 'அருவருப்பானதை'ன்னு அங்க வருது. எங்க ஆளுங்களும் நாப்பத்தொம்பதோட நிறுத்திருவாங்க" என்றான். பாதி வாசிக்கிற வியாதி எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை போலிருக்கிறது.

சபைகளின் தீர்மானங்களையும் நாம் அப்படித்தான் வாசிக்கிறோம். எங்கள் தென்னிந்தியத் திருச்சபை, இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவுள்ள சபைகளின் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் சேர்ந்தது. 1998 லாம்பெத் மாநாட்டில் உலகத்துப் பேராயர்கள் கூடி, ஓரினச்சேர்க்கை நடத்தை வேதத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானம் போட்டார்கள். இதை நம் ஆட்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே தீர்மானத்தில், இப்படிப்பட்டவர்களின் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்க எங்களை ஒப்புக்கொடுக்கிறோம் என்றும் இருக்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 2357ஆம் எண் ஒரேயடியாக மறுக்கிறது. அடுத்த எண், மரியாதையோடும் பரிவோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது. இதைக் காட்டியது என்னோடு வேலை பார்த்த ஒரு கன்னியாஸ்திரி. அவரும் அதுவரை யாருக்கும் அதைக் காட்டியதில்லையாம்.

'குணமாக்கும்' ஊழியங்களைப் பற்றித் தேடியபோது ஒன்று கிடைத்தது. அமெரிக்காவில் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1976இலிருந்து ஜெபத்தாலும் ஆலோசனையாலும் இவர்களை மாற்றுவதாகச் சொல்லிவந்தது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் 2013 ஜூனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அமைப்பையே மூடினார். நான் பிரசங்கம் பண்ணியதற்கு ஆறு மாதம் முன்பு. நான் மகனைக் கூட்டிக்கொண்டு போனது அதற்கும் ஆறு வருடம் கழித்து.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டு அதன் பிறகு தீர்ப்பு எழுதினார். மாற்றுகிறேன் என்று செய்யப்படும் சிகிச்சைகளைத் தடுக்கச் சொன்னார். அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை தருவது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. இன்றைக்கு எந்த டாக்டராவது மாற்றித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடலாம், புகாரும் கொடுக்கலாம். ஆனால் என்னைத் தைத்தது சட்டம் இல்லை. நீதிபதி நாற்காலியில் இருக்கிறவர் 'எனக்குத் தெரியாது' என்று சொன்னாரே, அதுதான். பிரசங்க பீடத்தில் அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, இப்போது நான் எங்கே நிற்கிறேன்? கேட்கிறவர்களுக்கு முழுத் திருப்தி கிடைக்காது. இரண்டு ஆண்களைப் பீடத்தில் நிறுத்தித் திருமண ஆராதனை நடத்த என் மனம் இன்னும் இடம் கொடுக்கவில்லை. என் மனைவி அதைத் தாண்டிப் போய்விட்டாள். எங்களுக்குள் இதில் சண்டை வரும், அப்புறம் சாப்பிடுவோம். ஆனால் 'தனித்து வாழட்டும்' என்று லேசாகச் சொல்கிறவர்களோடு எனக்கு இப்போது பொறுமை இல்லை. எங்கள் சபையில் கல்யாணமாகாதவனுக்கு எங்கே இடம்? கல்யாணம் வரைக்கும் வாலிபர் ஐக்கியம், ஆனதும் குடும்ப ஐக்கியம். நாற்பது வயதில் தனியாக இருப்பவன் அசனப் பந்தியில் எந்த வரிசையில் உட்கார்வது என்று தெரியாமல் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறிக்கொண்டே இருப்பான். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஒரு வீட்டைக்கூட ஏற்பாடு செய்யாத சபை, ஆயுசுக்கும் தனிமையை எழுதிக் கொடுப்பது என்ன நியாயம்?

2022 ஆகஸ்டில் எனக்கு மறுபடி பிரசங்க முறை வந்தது. ஐயரிடம் கேட்டு ரோமரையே எடுத்தேன். முதல் அதிகாரத்தை வாசித்து, நிறுத்தாமல் இரண்டாம் அதிகாரம் 4ஆம் வசனம் வரை போனேன். "ஒன்பது வருஷத்துக்கு முன்னால இதே இடத்துல நின்னு பாதிய வாசிச்சேன். அதனால ஒருத்தருக்குக் காயம் ஆச்சு. மன்னிச்சிருங்க" என்றேன். பதினைந்து நிமிடம்தான். மகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை, ஜெபக்குறிப்பு புண்ணியத்தில் ஊருக்கே தெரியும். கமிட்டியில் மூத்தவர் ஒருவர் ஆசீர்வாதம் கூறும் முன்பே எழுந்து போனார். இன்றுவரை என்னோடு அவர் பேசுவதில்லை. அவர் நல்ல மனிதர், எனக்கு வருத்தம்தான்.

வெளியே கை கொடுக்க யாரும் அதிகம் வரவில்லை. எழுபது வயதுக்கு மேலான ஒரு அம்மா, விதவை, எல்லாரும் போகும்வரை நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க சின்ன அண்ணன் பம்பாய்க்குப் போனான் சார், எண்பத்திரெண்டுல. எங்கப்பா, அந்த மூதேவி மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்னாரு. ஏன்னு யாரும் எங்களுக்குச் சொல்லல. எனக்கு இப்பதான் வெளங்குது" என்றார். அண்ணன் திரும்பி வந்தாரா என்று கேட்டேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

மகன் பெங்களூரில் இப்போது தனியாக இல்லை. மங்களூர்க் கத்தோலிக்கப் பையன் ஒருவனோடு இருக்கிறான். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்டவர்களின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தபோது எனக்குள் பழைய பூரிப்பு எதுவும் எழவில்லை. என் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் கையெழுத்துப் போட அந்தப் பையனுக்கு அதிகாரம் உண்டா என்றுதான் யோசனை ஓடியது. காப்பீட்டில், வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயரை எழுதிவைக்கச் சொன்னேன். வாத்தியார் புத்தி, படிவத்தை நிரப்பினால்தான் தூக்கம் வரும்.

அந்த டிசம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு செய்தி. 17ஆம் தேதியிலிருந்து இங்கிலாந்துத் திருச்சபை வழக்கமான ஆராதனைகளுக்குள் இவர்களுக்காக ஆசி ஜெபம் சொல்ல அனுமதித்தது. மறுநாள் ரோமிலிருந்து, திருமணம் என்ற தோற்றம் வராதபடி குருக்கள் ஆசி வழங்கலாம் என்று ஆவணம் வந்தது. ஆப்பிரிக்கச் சபைகளில் பெரும் எதிர்ப்பு. எங்கள் சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. கேக்குக்கு முந்திரி வறுக்கிற வாரம்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அதிகாலை நாலரை ஆராதனைக்கு நானும் என் மகனும் மங்களூர்ப் பையனும் ஆண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். சிலர் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் திரும்பாமல் பார்த்தார்கள். கீபோர்டில் வேறொரு பையன், பத்தாம் வகுப்புப் படிக்கிறவன், கொஞ்சம் தாளம் ஓடியது. என் மகன் தொடையில் விரலால் சரியான தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். திருவிருந்துக்கு எழுந்தபோது ஐயர் அப்பத்தை அவன் கையில் வைத்து, எல்லாருக்கும் சொல்கிற அதே வார்த்தைகளைச் சொன்னார். மங்களூர்ப் பையன் போகவில்லை, அவர்கள் சபை ஒழுங்கு அப்படியாம். இடத்திலேயே முழங்காலில் நின்றான்.

27ஆம் தேதி ராத்திரி பெங்களூர் ரயில். மத்தியானத்திலிருந்தே அடுப்படியில் பலகாரம் கட்டும் வேலை. அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம். என் மனைவி இரண்டு எவர்சில்வர் டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏய்யா, ரெண்டு பேருக்கும் தனித்தனியா போடவா? ஒண்ணுலயே போட்டுரவா?"

கூடத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மங்களூர்ப் பையனுக்கு அவள் என்ன கேட்கிறாள் என்று புரியவில்லை, இவன் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணுலயே போடுங்கம்மா" என்றான் மகன்.

பெரிய டப்பாவாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவள் பரணைக் காட்டினாள். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன்.